நான் தைத்த இறக்கை

இரண்டாம் உலகப் போருக்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. மலாயாவில், கோத்தா திங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்வெட்டுக்காரி. வயது இருபத்திரண்டு. அப்பா இல்லை. அம்மாவும் நானும் லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில், ஒரே அறையில் இருந்தோம். என் வாயும் கையும் சும்மா இருக்காது என்று லயமே சொல்லும். காலையில் பால் வெட்டு, மீதி நேரத்தில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பந்துத் திடலில் ஆகாய விமானம் ஒன்று வந்து இறங்கியது. ஓட்டி வந்த வெள்ளைக்காரர் எங்கள் தோட்டத்து மேனேஜர் துரைக்கு நண்பராம். அவர் பங்களாவுக்குச் சாப்பிடப் போய்விட்டார். கூட வந்த மெக்கானிக் சிங்கப்பூர்த் தமிழர். எஞ்சின் சூட்டில் வெந்துபோன வலது கையில் பெரிய கட்டுப் போட்டிருந்தார். தள்ளி நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்த எங்களை அவரே கூப்பிட்டார்.

"வாங்க, தொட்டுப் பாருங்க. கடிக்காது லா!"

ஒவ்வொருவராகப் போனோம். இறக்கையைத் தட்டிப் பார்த்த நான் திகைத்துவிட்டேன். துணி! மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துத் தைத்து, ஏதோ மருந்து பூசி மத்தளம் போல் விறைப்பாக்கி வைத்திருந்தார்கள். இரண்டு அடுக்கு இறக்கைகளுக்கு நடுவே கம்பிகள். உள்ளே இருந்த பிடியை என்னை அசைக்கச் சொன்னார். அசைத்தேன், பின்னால் வால் பலகை தூக்கிக்கொண்டது. கூட்டம் "அலமாக்!" என்று மலாய்க்காரர் மாதிரி ஆச்சரியத்தில் கத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

புது வண்டி வந்தால் நாங்கள் பூசை போடாமல் விடுவோமா? விமானத்தின் மூக்கில் சந்தனம், குங்குமம் வைத்தோம். அவர் சிரித்துக்கொண்டே, "சூடம் மட்டும் கொளுத்தாதீங்க, பெட்ரோல் இருக்கு" என்றார். தேங்காயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். ஒரு கல்லைக் கொண்டுவந்து முன்னால் போட்டு, பலத்தையெல்லாம் திரட்டி ஓங்கி உடைத்தேன்.

தேங்காய் சிதறியது. ஒரு சில்லு பறந்துபோய்க் கீழ் இறக்கையைக் கிழித்துவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல்.

அந்த நேரம் பார்த்துத்தான் துரையும் விமானியும் திரும்பி வந்தார்கள். தூரத்தில் மேகம் வேறு கறுக்க ஆரம்பித்திருந்தது. மழை வந்தால் திடல் சேறாகிவிடும், விமானம் கிளம்பவே முடியாது. துரையின் முகம் சிவந்தது. "யார் ஒடைச்சது?" என்று எங்களை வேலை வாங்கும் கங்காணி கத்தினார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.  நான் முன்னால் போய் நின்றேன்.

"நான்தாங்க."

"நாளைக்குப் பெரட்டுல ஒம் பேரு இருக்காது பாத்துக்க!" என்றார் கங்காணி. பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பது; அதில் பேர் வெட்டினால் வேலையோடு லயத்து வீடும் போய்விடும். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

மெக்கானிக் பெட்டியிலிருந்து வளைந்த ஊசியும் நூலும் எடுத்தார். கட்டுப் போட்ட விரல்களில் ஊசி நிற்கவில்லை, இரண்டு தரம் நழுவி விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, குடுங்க. கிழிச்சவ நானு, நானே தைக்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பழந்துணியைக் கொடுத்துத் தைத்துக் காட்டச் சொன்னார். நாலு தையலிலேயே தலையாட்டிவிட்டார். நூலில் மெழுகு தேய்த்து, ஊசியை உள்ளிருந்து வெளியே வாங்கி, இத்தனை தையலுக்கு ஒரு முடிச்சு என்று அவர் சொல்லச் சொல்ல நான் தைத்தேன். இருபது ஜோடிக் கண்கள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தன. தைத்து முடித்ததும் மேலே ஒரு துணியை வைத்து மருந்து பூசினார். வாழைப்பழ வாசம் அடித்தது. நல்லவேளை, வெயில் இன்னும் இருந்தது. ஒரு மணி நேரத்தில் காய்ந்து விறைத்துக்கொண்டது.

விமானி குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மெக்கானிக் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. பழுது பாத்தவங்க அதுல மொதல்ல ஏறணும். எப்பவும் நான் ஏறுவேன். இன்னிக்கு தைச்சது நீ. முடியாதுன்னா சொல்லு, தப்பில்ல."

"பொம்பளப் புள்ள, வேணாம்!" என்றார் கங்காணி. அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் பின்வாங்கியிருப்பேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். விமானியும் ஏறி எஞ்சினைக் கிளப்பினார்.

மேலே போனால் எல்லோரும் கீழே பார்ப்பார்களாம். நான் என் தையலைத்தான் பார்த்தேன். காற்று அறைந்தது, கம்பிகள் அலறின, தையல் அசையவே இல்லை. இரண்டாவது சுற்றில்தான் கீழே பார்க்கத் தைரியம் வந்தது. விடியலிலிருந்து பத்து மணி வரை நான் மரம் மரமாக நடக்கும் நிரையை, ஒரு மூச்சு விடும் நேரத்தில் தாண்டிப் போனோம். கொடியில் காய்ந்த என் சிவப்புச் சேலைகூடத் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், எனக்கே கேட்கவில்லை.

இறங்கியதும் திடலே அதிர்ந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு முதுகில் இரண்டு அடியும் வைத்தாள். துரை மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார். மெக்கானிக் ஏறி உட்கார்ந்து கட்டுப் போட்ட கையை ஆட்டினார். மழைக்கு முன்னாலேயே என் தையலோடு அந்த விமானம் தெற்கே பறந்தது.

மறுநாள் பெரட்டில் கங்காணி என் பேரைக் கூப்பிட்டார். கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ உடைத்திருக்கிறேன், எத்தனையோ ஒட்டவைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்துக் கையைத் துடைக்கும்போது, இதன் மேல் நானே முதலில் ஏறி உட்காருவேனா என்று கேட்டுக்கொள்கிறேன். ஏறுவேன் என்று மனது சொன்னால்தான் அதை இன்னொருவர் கையில் கொடுக்கிறேன்.