பாதை சொல்ல ஒரு ஃபங்ஷன்

கெர்னலுக்கு கோட் எழுதுகிற வேலை ஒழுங்காக நடந்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் முதல் போன் நமக்குத்தான். இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நான் நீடாமங்கலத்தில் வீட்டிலிருந்தபடி பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன்.

அப்படி என்னதான் வேலை?

எங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தனார் செல்வம் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். கம்ப்யூட்டரின் அடியாழத்தில் ஓடும் புரோகிராம்தான் கெர்னல் என்றேன். யாராவது ஒரு ஃபைலைத் திறந்தால், காவலுக்கு இருக்கும் செக்யூரிட்டி சாஃப்ட்வேர், "இது எந்த ஃபோல்டரில் இருக்கிறது?" என்று கெர்னலிடம் கேட்கும். அந்த முழுப் பாதையைச் சொல்வதுதான் என் ஃபங்ஷன், அதாவது கெர்னலுக்குள் நான் எழுதும் கோட் துண்டு. செல்வம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"ஃபைல் எங்க இருக்குன்னு அதைத் திறந்தவனுக்கே தெரியாதா அண்ணி?"

தீபாவளி வியாபாரம்

பழைய ஃபங்ஷன் எந்த ஃபைலைக் காட்டினாலும் நம்பிவிடும். அது பாதையைத் தேடும்போதே வேறொரு புரோகிராம் ஃபைலை மூடிவிட்டால், மெமரியில் அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கும். அதைப் படித்தால் மெஷினே உறைந்துவிடும். கும்பகோணத்து ஜவுளிக்கடை ஒன்றில், தீபாவளிக் கூட்டம் நெரியும்போது, பில் போடும் கம்ப்யூட்டர்கள் அப்படித்தான் நின்றன. காரணத்தை மேனேஜருக்கு விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"பாதுகாப்புக்குன்னு போட்ட சாஃப்ட்வேரே கடையை மூடிடுச்சுங்க மேடம்."

சரிசெய்த குற்றம்

புதிதாக எழுதினேன். ஃபைலைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் புரோகிராம் கேட்டால் மட்டும் பதில். அந்தப் பிடி இருக்கும்வரை யார் மூடினாலும் அது மெமரியை விட்டுப் போகாது. பிடி இல்லாமல் கேட்கிற புரோகிராமை ஓடவே விடாமல் கெர்னல் திருப்பி அனுப்பிவிடும்.

அதிராம்பட்டினத்திலிருந்து எங்கள் செக்யூரிட்டி சாஃப்ட்வேரை எழுதும் ஃபரீதாவின் புரோகிராம்களில் பாதி திரும்பிவந்தன. ஒவ்வொன்றிலும் மெஷின் எங்கே உறைந்திருக்கும் என்று திரையில் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"முன்னாடி ஓடிக்கிட்டிருந்துச்சுங்க. நீங்க சரிபண்ணப்புறம்தான் ஓடல."

பாதி பாதை

பாதையை எழுதிக்கொள்ள, கேட்கும் புரோகிராம் மெமரியில் கொடுத்த இடத்தில் அது அடங்காவிட்டால் என்ன செய்வது? பிழை என்று சொல்லிவிடலாம் என்றேன். அடங்கிய வரைக்கும் கொடுக்கலாமே என்றார் வீடியோ மீட்டிங்கில் டீம் லீடர். வெளியே அறுவடை மெஷின் இரைச்சல். நான் கத்தியது அதற்காக மட்டும் இல்லை. தடைசெய்த ஃபைல் ஒன்றின் பாதையைப் பாதியில் வெட்டிக் காட்டினேன். வெட்டியதும் அது அனுமதித்த ஃபோல்டரின் பெயராகவே தெரிய, காவல் சாஃப்ட்வேர் கதவைத் திறந்துவிட்டது. டீம் லீடர் இன்னொருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"சரி, பிழைன்னே சொல்லிடுங்க. ஆனா கஸ்டமர் பயப்படாத மாதிரி சொல்லுங்க."

கடைசி பரிசீலனை

எழுதியதை, கோடைச் சரிபார்த்துக் கெர்னலில் சேர்க்கும் மூத்த பரிசீலகருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தேன். மூடும் ஃபைல், அழித்த ஃபைல், பெயர் மாற்றிய ஃபைல் எல்லாவற்றுக்கும் சோதனை எழுதி, வரப்போகிற கேள்விகளுக்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் போன் செய்ததும் அந்தப் பதில்களைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"எல்லாம் நல்லாருக்கு, சேர்த்துடலாம். ஃபங்ஷன் பேரு மட்டும் எனக்குப் பிடிக்கல."

தெரியாததைத் தெரியாது என்று ஒரு மெஷினைச் சொல்லவைத்துவிட்டேன். மனிதர்களைச் சொல்லவைப்பது என் வேலையில் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.