உப்பும் கரியும் புதைத்த குழி

மலைக்குக் கரண்ட் வந்த புதிதில், வளப்பூர் நாட்டில் ஒரு மிளகு விவசாயியின் வீட்டை ஒட்டிய ஜீப் ஷெட்டுக்கு வயரிங் செய்யப் போயிருந்தேன். மரச்சட்டம், ஓட்டுக் கூரை, சாணம் மெழுகி எப்போதும் ஈரம் கோத்த தரை. அதற்குள் யாரையும் செருப்போடு நுழைய அவர் விடமாட்டார். வண்டி லட்சுமியாம்! வெறுங்கால், ஈரத்தரை, கரண்ட் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஆள் தப்புவது கஷ்டம்.

அதனால் வயரிங் விதியில் ஒரு நூல்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. சுவிட்சை நெஞ்சுக்கு மேலே வைத்தேன். ஜீப்பைப் பழுது பார்க்க அவர் வைத்திருந்த, இரும்புக் கூண்டு போட்ட கைவிளக்குக்கும் மூன்றாவது கம்பி மாட்டினேன். அந்தக் கம்பி மண்ணில் போய்ச் சேர, சுவரோரம் குழி வெட்டி இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் உப்பும் அடுப்புக்கரியும் மாறி மாறிக் கொட்டி மூடினேன். விளக்கில் கரண்ட் ஒழுகினால் ஆளை விட்டுவிட்டு அந்த வழியாக இறங்கும், பியூஸ் எரிந்து கரண்ட் நின்றுவிடும். அவர் மனைவி மாசமாக இருந்தாள். வாசற்படியில் நின்று நான் உப்புக் கொட்டுவதையே வெளிறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் லைன்மேன் கம்பத்தில் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார். ஜீப்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"வயர்மேன், போட்டுப் பாக்கட்டுங்களா?"

"இருங்க. குழிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்திட்டு வாரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

கேட்கிற ஆளா அவர்!

தண்ணீர் ஊற்றக் குனிந்து குழாயைப் பிடித்தேன். காற்றடித்த மரவள்ளிச் செடிபோல ஆடியது. மேலே மெழுகியிருந்த சாணத்தைக் கிளறிப் பார்த்தேன். உள்ளே வெறும் காய்ந்த சரளை. கரியும் இல்லை, உப்பும் இல்லை. யாரோ மொத்தத்தையும் வாரி எடுத்திருந்தார்கள்.

நிமிர்ந்தால் ஷெட்டுக்குள் வெளிச்சம். மர முளையில் தொங்கிய கைவிளக்கு எரிகிறது. மனுஷன் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அதன் கூண்டைப் பிடிக்கக் கையை நீட்டுகிறார்.

"ஐயோ, தொடாதீங்க! கையை எடுங்க!"

என் கத்தலில் அவர் கை அந்தரத்தில் நின்றது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

விளக்கின் வயரைத் தடவிப் பார்த்தால் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. ஜீப் சக்கரம் ஏறியிருக்கிறது. எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு, மெயினைப் போட்டு, சோதனை பல்பின் ஒரு முனையைக் கூண்டிலும் மறுமுனையை ஈரத்தரையில் அடித்த ஆணியிலும் வைத்தேன். பல்பு சிவந்தது; கூண்டில் கரண்ட் ஏறியிருக்கிறது. மறுபடி மெயினை இறக்கி, விளக்கின் சுவிட்சையும் அணைத்தேன்.

"எந்தப் படுபாவிங்க குழியத் தோண்டுனது?"

"நாந்தானுங்க," என்றாள் அவர் மனைவி. "எங்கண்ணனை விட்டுத் தோண்டி ஓடையில கொட்டிட்டேன்."

"ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா?" என்று அவர் கையை ஓங்கிக்கொண்டு போனார்.

அவள் நகரவில்லை. "ஊட்டோரத்துல உப்பும் கரியும் பொதைச்சா அது செய்வினைங்க. மொதப் புள்ள வவுத்துலயே போயிருச்சு. இதையும் நான் எப்படிங்க பறிகுடுக்கறது?"

ஓங்கிய கை இறங்கியது. என் வாய்வரை வந்த வசவும் உள்ளேயே போய்விட்டது. பாவம், அவளும் ஓர் உயிரைக் காக்கத்தான் தோண்டியிருக்கிறாள்.

"அம்மணி, அவரு அந்தக் கூண்டைத் தொட்டிருந்தா இப்ப நாம இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டோம். அவரைக் காப்பாத்தத்தான் அந்த உப்பு."

அவள் புருஷனைப் பார்த்தாள். உள்ளே போய் உப்புப் பானையோடு வந்தாள்.

"நானே போடறேனுங்க. ஊட்டுக்காரி கையால போட்டா அது செய்வினை ஆகாதுங்க."

அவர் சரளையை வாரி வெளியே போட்டார். நான் குழாயை நிமிர்த்திப் பிடித்தேன். அடுப்புக்கரியும் உப்பும் அவள் கையாலேயே விழுந்தன. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். விளக்கை நசுங்கிய வயரோடு அப்படியே முளையில் விட்டுவிட்டு, மெயினைப் போட்டு, காய்ந்த குச்சியால் சுவிட்சைத் தட்டினேன்.

பட்டென்று பியூஸ் வெடித்தது. ஷெட் இருண்டது. அவள் பதறிப் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அம்மணி. அவரு மேல பாய வேண்டியது மண்ணுக்குள்ள போயிருச்சு."

பிடித்த கையை விடாமல் அவள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இன்னும் ரெண்டு கை உப்புப் போடட்டுங்களா?"