கை மாறிப்போன வெல்டர்

உழைக்கிறவர்களைப் படம் போடுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு, வேர்ப்பதெல்லாம் எதிராளிக்குத்தான். யாரையாவது வரைந்து மாட்டிக்கொண்ட உங்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற ஷெட். ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். கிரைண்டர் பிடித்த அண்ணன் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, நாங்க வேல செய்யறதப் பாக்கறதுக்கும் ஒரு வேல இருக்குதுங்களா?"

இடக்கை

செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்கி, மை தேய்த்துத் தாளில் அழுத்தினால் எட்சிங். தகட்டில் கீறியது தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும். அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். வலக்கைக்காரரான வெல்டர் பழனிசாமி அண்ணன் தாளில் இடக்கையால் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்.

ஷெட்டே சிரித்தது. எப்போதாவது உள்ளே வருகிற முதலாளிக்கும் ஆள் யாரென்று பிடிபடவில்லை. அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "பாப்பாகிட்டக் காட்டோணும் சாமி. அப்பன்தான்னு அது நம்பறாப்புல போட்டுக் குடுங்க."

எல்லாம் சரி

இரண்டாவது தகட்டில் திருப்பிக் கீறினேன். கை சரியாக வந்தது. வெல்டிங் வைக்குமுன் இரும்பில் மூக்கு படுகிற அளவு குனிந்து இணைப்பைத் தேடுவார், அந்தக் குனிவும் அப்படியே வந்தது. தொழில்மேல் அவ்வளவு பிடிப்பு என்று நினைத்து அதில்தான் அதிகம் மெனக்கெட்டிருந்தேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கிரைண்டர் அண்ணன் படத்தைக் கவிழ்த்து வைக்கப் பார்த்தார். அதற்குள் முதலாளி கையில் எடுத்துவிட்டார். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏப்பா பழனிசாமி, கண்ணு எத்தன நாளா இப்பிடி?"

புதுச்சத்திரம்

அண்ணனை வேலையைவிட்டு நிறுத்திவிட்ட முதலாளி, படம் நன்றாயிருக்கிறது என்று ஆபீஸ் சுவரில் மாட்டிக்கொண்டார். இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு புதுச்சத்திரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பாப்பா எட்டிப் பார்த்து "அப்பா" என்றது. அவர் மனைவி டீயை வைத்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அண்ணன் தாளை வாங்கி, மூக்கு படுகிற அளவு குனிந்து தேடினார். "சோத்துக்கையாலதானே புடிச்சிருக்கறேன் சாமி? பாப்பா ஆமாங்குது, எனக்கு மசமசன்னு இருக்குது."

இதுவரை நான் போட்டதில் யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரே படம், கை மாறிப்போன அந்த முதல் படம்தான்.