இடது கண்ணை நிறுத்த வேலூர் வரை

வழக்கமாக இந்த வலைப்பூவில் ஏலகிரி, ஜவ்வாது மலை என்று பைக்கில் சுற்றியதைத்தான் எழுதுவேன். இந்த முறை ஆம்பூரிலிருந்து வேலூர், சுமார் ஐம்பது கிலோமீட்டர், அதுவும் பஸ்ஸில். காரணம் என் இடது கண். ஒன்றரை வருடமாக அது தானாகத் துடிக்கிறது. முதலில் கீழ் இமை மட்டும் துடித்தது, பிறகு கன்னம், அப்புறம் வாயோரம். இப்போது பாதி முகமே சுண்டி இழுத்துக் கண் மூடித் திறக்கிறது. தூக்கத்தில்கூட நிற்பதில்லை என்கிறாள் என் மனைவி ஷமீம். வலி கிடையாது. ஆனால் பார்ப்பவர்களுக்கு நான் கண்ணடிக்கிற மாதிரி இருக்கும்.

மற்றவர்களுக்கு இது வேடிக்கை. எனக்குப் பிழைப்பே போய்விடும் போலிருந்தது. நான் தோல் தரகன். தொழிற்சாலைகளில் மிஞ்சிப்போன தோலை, ஸ்டாக் லாட் என்போம், விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து விலை பேசி முடித்துக் கொடுப்பேன். அந்த மேசையில் தரகன் விற்பவரைப் பார்த்துக் கண் காட்டினால், 'பொறு, இன்னும் ஏத்துவார்' என்று அர்த்தம். ஷூ கம்பெனி வைத்திருக்கும் நஜீர் பாய் எனக்கு இருபது வருடப் பழக்கம். போன மாதம் அவர் ஒரு லாட்டுக்கு விலை சொன்ன நேரம் பார்த்து, விற்பவர் பக்கம் இருந்த என் கண் பட்டென்று அடித்தது.

"அவனுக்கு இன்னா சைகை காட்ற? என்கிட்டயேவா?" என்றார்.

வியாதி என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. தரகன்மேல் நம்பிக்கை போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்; எனக்குச் சாத்துவதற்குக் கடைகூடக் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பஸ். டிக்கெட் தலைக்கு ஐம்பது ரூபாய்க்குள்தான். ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. போன் கேமராவைத் திருப்பி வைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளிகொண்டா தாண்டியதும் ஷமீம் போனைப் பிடுங்கிப் பையில் போட்டாள்.

"பாத்துக்கினே இருந்தா நின்னுடுமா? பேஜார் பண்ணாதீங்க."

எட்டு மணிக்கு வேலூர் புது பஸ் ஸ்டாண்ட். நரம்பு டாக்டரின் கிளினிக் சத்துவாச்சாரியில், நான்கு கிலோமீட்டருக்குள். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். ஷமீம் நூறுதான் என்று பிடிவாதமாக நின்றாள். அந்த நேரம் பார்த்து என் கண் அடித்தது.

"சார் ஓகே சொல்ட்டாரு. நீங்க ஏறுங்கம்மா" என்றார் ஆட்டோக்காரர், குரலைத் தாழ்த்தி.

நூற்றைம்பது கொடுத்தோம். 

கிளினிக்கில் பத்தரை வரை காத்திருப்பு. எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், கண்ணாடிக் கதவில் முகம் பார்த்தேன். புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டேன். மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் அலறாத குறையாகக் கையை ஆட்டினார். பக்கத்திலிருந்த அவர் மகன் ஓடி வந்து அதை நிறுத்தினார்.

"காத்து பட்டா அம்மாவுக்குக் கரண்ட் அடிச்ச மாதிரி வலிக்குது சார். பல்லுன்னு நெனச்சு குடியாத்தத்துல ரெண்டு பல்லைப் புடுங்கிட்டோம். அப்பறந்தான் முகத்து நரம்புன்னு தெரிஞ்சுது."

அந்த அம்மாள் வலிக்கும் இடத்தை எனக்குக் காட்டினார். விரல் கன்னத்தைத் தொடவில்லை. ஒரு அங்குலம் தள்ளியே நின்றது. என் கண்ணை நினைத்து ஊரையே சபித்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு வியர்த்தாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் முன்பே எடுத்துக் கொண்டுபோயிருந்த மூளை ஸ்கேனை டாக்டர் பார்த்தார். மூளையிலிருந்து முக நரம்பு கிளம்பும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் உரசுகிறதாம். "ஆபரேஷன் பண்ணா நிரந்தரமா சரியாக வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா பக்கத்துலயே காது நரம்பு போகுது. கேக்கறது பாதிக்கலாம், அந்த ரிஸ்க் கம்மிதான், ஆனா இருக்கு. இல்லன்னா ஊசி. மூணு நாலு மாசத்துக்கு ஒருமுறை போடணும்."

விலை காதில் விழாத தரகனை எவன் கூப்பிடுவான்? ஊசி என்றேன். சினிமாக்காரர்கள் சுருக்கம் போகப் போட்டுக்கொள்வார்களே, அதே மருந்துதான். கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் மெல்லிய ஊசியால் சின்னச் சின்னக் குத்து, எறும்பு கடித்த அளவு. மருந்தோடு சேர்த்து எனக்குப் பதினாலாயிரம் ஆனது. இடத்துக்கு இடம் மாறும்.

"இன்னிக்கே நிக்காதா டாக்டர்?"

"நாலஞ்சு நாள் ஆகும். பொறுங்க."

பொறுக்கத்தான் தெரியவில்லை. திரும்பி வரும்போதும் அடித்தது, மறுநாளும் அடித்தது. பணம் தண்டம் என்று வீட்டில் கத்தினேன். ஐந்தாம் நாள் ஷேவ் பண்ணும்போது கவனித்தேன், முகம் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அடிக்கவில்லை. ஷமீமைக் கூப்பிடப் போனவன் அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஸ்கேன் எடுத்திருந்தால் மறக்காமல் கொண்டு போங்கள். முன்பதிவு செய்துவிட்டுக் காலையிலேயே போனால் அன்றே ஆம்பூர், நாட்றம்பள்ளி வரைகூடத் திரும்பிவிடலாம். ஊசிக்குப் பிறகு கண் வறளும், வாயோரம் டீ ஒழுகும். எனக்கு ஒழுகியது, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஆட்டோவில் பேரம் பேசும்போது துடிக்கிற ஆளைத் தள்ளி நிறுத்துங்கள். முகத்தில் மின்னல் மாதிரி வலி வந்தால் பல்லைப் பிடுங்குவதற்கு முன் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரம் சாம்பிள் தோலோடு நஜீர் பாயிடம் போனேன். உட்காரச் சொன்னார், டீ வந்தது. விலை சொன்னேன். அவர் தோலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் அசையவில்லை, கன்னம் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னா பாய்," என்றார் கடைசியில், "மூஞ்சியில ஒண்ணுமே தெரியலியே. எதை மறைக்கிற?"

சாம்பிளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். "மறைக்க ஒண்ணும் இல்ல பாய். வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்றேன். இருபது வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.  படியிறங்கும்போதும் முகம் அசையாமல் இருந்தது.

அடுத்த ஊசிக்கு நாள் வாங்கிவிட்டேன். போன முறை நஜீர் பாய்க்காகப் போனேன். இந்த முறை எனக்காகப் போகிறேன்.