குமிழில் கை

ஒட்சிசன் இயந்திரத்தின் முதுகில் 230 வோல்ட் என்று ஒட்டியிருக்கிறது. மஹய்யாவயில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொழுது சாய்ந்ததும் அது வெறும் ஆசை. எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் போடுவார்கள். அம்மாவுக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரம் கரண்ட் போதாமல் அலறும்.

அன்றும் அலறியது. வோல்டேஜைக் கூட்டிக் கொடுக்கும் பெட்டியின் குமிழைக் கடைசிப் படிவரை திருகினேன். அதன் மீட்டர் முள் 200ஐத் தாண்டவில்லை. வாசலுக்கு ஓடி, "குக்கர நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். ஒரு வீட்டுக்கு அவசரம் என்றால் மற்றவர்கள் நிறுத்துவது எங்கள் வரிசையின் வழக்கம். முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத்தான் நிறுத்துவார்கள். அன்று பார்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தித் தொலைத்தார்கள்.

உள்ளே இயந்திரத்தின் இரைச்சல் மாறியது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. கம்பியில் இப்போது சரியான கரண்ட்தான் வந்தது. பெட்டி அதையும் கூட்டிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். அம்மா வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். குமிழை இறக்கும்போது விரல் வியர்வையில் வழுக்கியது. திரும்பச் சொருகிய பிறகுதான் அம்மாவின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இப்ப சரியா தங்கச்சி? பிரிட்ஜையும் நிப்பாட்டச் சொல்லவா?"

"ஐயோ, வேணாங்க்கா! ஒன்னையும் தொடாதீங்க!"

"அப்ப சோறு?"

"ஒவ்வொரு வீடாப் போடச் சொல்லுங்க," என்றேன், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "போட முன்னயும் நிப்பாட்ட முன்னயும் எனக்கு ஒரு சத்தம் குடுங்க."