வேப்பமரத்தடிக்காக ஒரு சைக்கிள் போட்டி

எங்கள் கோயில் கொடை விழா நோட்டீஸின் பின்பக்கத்தில், விளையாட்டுப் போட்டிகள் என்ற தலைப்பின்கீழ், ஏழாவது வரி இது: "மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி. கடைசியில் வருபவருக்கு எவர்சில்வர் குடம். அவர் குடும்பத்துக்கு மூன்று நாளும் வேப்பமரத்தடி. இதில் வாக்குவாதம் கிடையாது." கொடை நோட்டீஸ்களை ஆண்டு வாரியாகக் கோப்பில் சேர்த்து வருகிறேன். பழைய நோட்டீஸ்களில் அந்தக் கடைசி வாக்கியம் இல்லை. அது எந்த ஆண்டு சேர்ந்தது, எதனால் சேர்ந்தது என்பதெல்லாம் என்னிடம் இருக்கிறது. மண்டை உடைந்தவர் இப்போது நலம்.

கோயில் குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே தேரிக்காட்டுக்குள் இருக்கிறது. பக்கத்தில் வீடு வாசல் கிடையாது. தூத்துக்குடியிலும் சுற்றிலும் கடை வைத்திருப்பவர்களும் வேலை பார்ப்பவர்களுமாக எங்கள் குடும்பங்கள் சித்திரையில் வேனிலும் லோடு ஆட்டோவிலும் போய் இறங்குவோம். செம்மணலில் தார்ப்பாயைக் கட்டி, கேஸ் அடுப்பை மூட்டி, மூன்று நாள் தங்குவோம். காலை பத்து மணிக்கு மேல் தார்ப்பாய்க்குக் கீழே மனிதன் இருக்க முடியாது. சுற்றிலும் பனை. ஒரு பனையின் நிழலில் ஒருவர் நிற்கலாம். இரண்டாமவர் வந்தால் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். நிழல் என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வேப்பமரம்தான்.

இந்த முறை அந்த மரம் கட்டாயம் தேவைப்பட்டவர் என் பெரியப்பா மகன். அண்ணனுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் வேலை. தை மாதம் மகளைக் கயத்தாறில் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தி வீட்டார் வரும் முதல் கொடை இது. சம்பந்திக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது; வெயில் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் வருவதற்குத் தயங்கினார். அண்ணன் போனில், "அதெல்லாம் யோசிக்காதிய. வேப்பமரத்தடி நம்ம எடம்லா. காலங்காலமா நாமதான இருக்கோம்" என்று சொல்லிவிட்டார். என் குறிப்புகளின்படி எங்கள் குடும்பம் அந்த மரத்தடியில் இருந்தது ஒரே ஒரு தடவை. அது மழை பெய்த வருஷம்.

போனை வைத்துவிட்டு என்னிடம், "வார்த்தைய விட்டுட்டேம்ல. செயிச்சுத்தான் ஆவணும்" என்றார். இரண்டு வாரம் தெருவில் பழகினார். தெரு நாய்கள் முதலில் குரைத்தன. பிறகு அவருக்கு முன்னால் படுத்துக்கொண்டன. மதினி சொன்னாள்: "தேங்கா வாங்க அனுப்புனா கொழம்பு கொதிச்சு வத்திருது. கேட்டா பயிற்சியாம்."

கொடையின் முதல் நாள் மதியம் இரண்டு மணிக்குப் போட்டிகள் தொடங்கின. நூலில் தொங்கும் பன்னைக் கையால் தொடாமல் தின்னும் போட்டியில், நேர்த்திக்கடனுக்குக் கட்டியிருந்த கிடா அவிழ்த்துக்கொண்டு வந்து இரண்டு பன்களைத் தின்றது. மைக்கில் அதற்கே முதல் பரிசு என்று அறிவித்தார்கள். கிடாவின் சொந்தக்காரர் வந்து பரிசை வாங்கிக்கொண்டார். பெண்களுக்கான இசை நாற்காலியில் இரண்டு நாற்காலிகள் முறிந்தன. மூன்றாவதை மதினி பிடித்துக்கொண்டு விடாததால் போட்டி முடிவில்லாமல் நிறுத்தப்பட்டது.

நாலு மணிக்குச் சைக்கிள் போட்டி. மணலில் சைக்கிள் ஓடாது என்பதால் கோயிலுக்கு வரும் தார் ரோட்டில் நடந்தது. வண்டிகள் வராமலிருக்க ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். காலை ஊன்றினால் வெளியே போக வேண்டும். பதினோரு பேரில் ஒன்பது பேர் கால் மணி நேரத்தில் ஊன்றிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் அண்ணனும் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சியும். பாத்திரக்கடைக்காரர் தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தவர். கனத்த உடம்பு, சைக்கிள் அவருக்குக் கீழே நகர யோசிக்கும்.

"பாத்திரக்கட அண்ணாச்சி நிக்காரா போறாரான்னு தெரியல. ஹார்பர் அண்ணாச்சி அதவிட மோசம்" என்றது மைக்.

"ஏலே, ஒரு போர்வ எடுத்துட்டு வாங்கல. அண்ணாச்சி ரோட்டுலயே ஒறங்கிருவாரு" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அண்ணன் மூன்றடி பின்தங்கியிருந்தார். அதாவது ஜெயித்துக்கொண்டிருந்தார். அப்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மகளும் மாப்பிள்ளையும் பின்பக்கம் இறங்க, முன்பக்கத்திலிருந்து சம்பந்தி இறங்கினார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்து, "என்ன சம்பந்தி, சைக்கிள்லயா வாரிய?" என்று கும்பிட்டார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தி முன்னால் வண்டியில் உட்கார்ந்தபடி பேசுகிற வழக்கம் கிடையாது. அண்ணன் இறங்கினார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். இரண்டு கையும் கூப்பி, "வாங்க, வாங்க. வழியில ஒண்ணும் அலைச்சல் இல்லையே?" என்றார்.

மைக் ஒருமுறை இருமியது. பிறகு, "ஹார்பர் அண்ணாச்சி அவுட். வேப்பமரத்தடி பாத்திரக்கட அண்ணாச்சிக்கு. சம்பந்தி வீட்டாரை விழாக் குழு சார்பில் வருக வருக என வரவேற்கிறோம்" என்றது. நையாண்டி மேளமும் ஆரம்பமானது.

மதினி என் காதருகே சொன்னாள்: "கால ஊனுனதுதான் ஊனுனாவ, ஸ்டாண்டு வேற போடணுமா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வேப்பமரத்தடிக்கு நடந்தார். மாப்பிள்ளை பாயை விரித்தார். சம்பந்தி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

பாத்திரக்கடைக்காரர், பரிசுக் குடம் ஒரு கையிலும் தார்ப்பாய் மறு கையிலுமாக, மனைவியோடு வந்து நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. இங்கன இருங்க. நம்ம சம்பந்தி எடந்தான், தாராளமாக் கெடக்கு" என்றார் சம்பந்தி.

பாத்திரக்கடைக்காரர் மனைவி ஏதோ சொல்ல வந்தாள். சம்பந்தியின் திறந்த சட்டைக்குள் தழும்பு நீளமாகத் தெரிந்தது. "ஏளா, பாய அந்த ஓரமா விரி" என்றார் பாத்திரக்கடைக்காரர் மனைவியிடம். பிறகு சம்பந்தியிடம், "சரிங்க அண்ணாச்சி. ஒரு ஓரமா இருந்துக்கிடுதோம்" என்றார்.

அந்த ஓரம் மேற்கு. மதியத்துக்கு மேல் அங்கே நிழல் கிடையாது. மூன்று நாளும் பாத்திரக்கடைக்காரர் தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் வேளைக்கு வேளை கறிக்குழம்பும் பன்னீர் சோடாவும் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசி நாள் பாத்திரக்கடைக்காரர் கேட்டார்:

"அடுத்த வருசமும் அவிய வாராவளா?"

"வருவாவ."

"அப்ப சைக்கிள நல்லாப் பழகும் வே. எனக்கு முதுகுத்தோல் உரிஞ்சு போச்சு."

சம்பந்திக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பும் படுத்தவில்லை. கிளம்பும்போது அண்ணனிடம் விடைபெறுவதற்கு முன்னால் பாத்திரக்கடைக்காரரிடம் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய ஒதவி அண்ணாச்சி" என்றார். என்ன உதவி என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. அண்ணன் இன்றுவரை சம்பந்தியிடம் உண்மையைச் சொல்லவில்லை.

வேப்பமரத்தடி யாருக்கு என்று மைக்கில் சொன்னது சம்பந்தி காதில் விழுந்ததா என்பதுதான் கேள்வி. மேளம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தால் விழுந்திருக்காது. நாலு பேரிடம் விசாரித்தேன்; இருவர் முன்பு என்கிறார்கள், இருவர் பின்பு என்கிறார்கள். பின்பு என்பது என் ஞாபகம். அதை நான் நம்பத் தயாரில்லை. என் நோட்டில் 4.32 என்று எழுதியிருக்கிறேன். அது அறிவிப்பின் நேரமா, மேளத்தின் நேரமா என்று எழுதவில்லை. ஆகவே இது இன்னும் உறுதியாகவில்லை.