ஓடைப் பக்கம் தள்ளச் சொன்னவன்

அந்தக் கட்டடக் குப்பையை ஓடையில் தள்ளச் சொன்னவன் நான். ஏழுமலை அல்ல.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது...

நான் கட்டட வடிவமைப்பாளன். வேலூரில் அலுவலகம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டிய ஒரு சிற்றூரில், பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி வரைந்து தரச் சொல்லி ஓர் அறக்கட்டளை என்னை அழைத்தது.

இடத்தைப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல சரிவு. கட்டடத்தை இரண்டாகப் பிரித்துச் சரிவோடு இறக்கினால் மலையை வெட்ட வேண்டியதில்லை. சுவரின் நீளத்தைச் சிமெண்டுக் கல்லின் நீளத்துக்கு ஒத்துவரும்படி அமைத்தால் கல்லை உடைக்கவும் வேண்டியதில்லை.

தெரிந்தும் நான் அப்படி வரையவில்லை. படவேட்டில் சமதரையில் கட்டிய வேறொரு விடுதியின் வரைபடம் கைவசம் இருந்தது. பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். வேலைப்பளு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பளுவா? சோம்பல்... வேறென்ன!

என் வரைபடத்துக்காக மலையைச் சமதரையாக்கினார்கள். மண்ணும் பாறையும் குவிந்தன. சுவர் எழும்பியபோது ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு கல்லை உடைக்க வேண்டியிருந்தது. பாதி சுவரில், மீதி தரையில். கம்பித் துண்டு, டைல்ஸ் துண்டு... கட்டடம் உயர உயரக் குவியலும் உயர்ந்தது.

மேஸ்திரி ஏழுமலை அந்த ஊர்க்காரர். ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"சார், நிக்க எடமில்ல. இதெல்லாம் எங்க கொட்றது?"

கீழே கொண்டுபோக லாரி வேண்டும். அதைப் பற்றி நான் நினைத்தே பார்த்ததில்லை. "இப்போதைக்கு ஓடைப் பக்கம் தள்ளிடுங்க," என்றேன்.

"கீழ மல்லிகா கொல்லை கீது சார்."

"மழைக்கு முன்னாடி அள்ளிடலாம்."

அள்ளவில்லை. மழை வந்தது. ஓடை அடைபட்டுத் தண்ணீர் திசைமாறி, கல்லும் சிமெண்டுக் கட்டியுமாக மல்லிகாவின் சாமைக் கொல்லைக்குள் இறங்கியது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு நிலம்தான்.

அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். ஊரே கூடி நின்றது. ஓடையில் கொட்டச் சொன்னது யார் என்று கேட்டார்கள். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி நின்ற பார்வை அது.

"மேஸ்திரியோட கவனக்குறைவு," என்றேன்.

"சார், நீங்கதான சொன்னீங்க..."

யாரும் அவரை நம்பவில்லை. படித்தவன் பேச்சல்லவா என் பேச்சு! அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஊரில் எவரும் அவரோடு பேசுவதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். தாயை ஊரில் விட்டுவிட்டு மனைவி மக்களோடு பெங்களூர் போய்விட்டாராம்.

நான் என்ன ஆனேன் தெரியுமா? திருந்தினேன். இப்போது என் வரைபடங்களில் கல் வீணாவதில்லை. கல்லூரிகளில் அழைத்துப் பேசச் சொல்கிறார்கள். "கட்டடக் குப்பை பிறப்பது வரைபடத்தில்," என்று தொடங்குவேன். மாணவர்கள் கைதட்டுகிறார்கள். இதை எந்த இடத்தில் கற்றீர்கள் என்று ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா?

சென்ற மாதம் மலையேறினேன். மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். கொல்லையில் கற்களுக்கிடையே உன்னிச்செடி மண்டிக் கிடந்தது. அவள் வாசலில் யாருக்கோ கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், குந்துங்க. இன்னா இவ்ளோ தூரம்?"

ஏழுமலை எங்கிருக்கிறார் என்று கேட்டேன். அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அவன் பேச்சு இன்னாத்துக்கு சார்? அவங்கம்மா செத்ததுக்குக்கூட அவன ஊருக்குள்ள வுடல. என் வயித்துல அடிச்சான். உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கப் பாத்தானே."

தாயின் பிணத்தைக்கூடப் பார்க்க விடாமல்...

வாயைத் திறந்தேன். சொற்கள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன.

"ஆமாம்மா," என்றேன்.

அவள் உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். அதை முழுதும் குடித்துவிட்டுத்தான் மலையிறங்கினேன்.